ஏர்வாடி தர்காவும் மனநோயாளர் பராமரிப்பும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரையை அடுத்து, மன்னார் வளைகுடாக் கரையோரம் அமைந்த ஊர் ஏர்வாடி. திருநெல்வேலி மாவட்டத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. இக்கட்டுரை தர்கா உள்ள கடலோர ஏர்வாடியைப் பற்றியது. மனநோய் கண்டவர்களை இங்கே அழைத்து வந்து, மாதக் கணக்கில் தங்கவைத்து, குணம் வேண்டி நிற்கும் வழக்கம் பல தலைமுறைகளாக நீடிக்கிறது. 2001 ஆகஸ்டு 6 அன்று தர்காவைச் சுற்றி இயங்கிய தனியார் விடுதிகளுள் ஒன்றில் ஏற்பட்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தனர். வழிபாட்டுத் தலங்களில் தங்கும் மனநோயாளர் பற்றி அரசும் நீதிமன்றமும் மருத்துவ உலகும் சிந்திக்கத் தொடங்கியதற்கு அந்த விடியற்காலையே காரணம். நோயாளியைத் தலத்திலிருந்து விலக்கி மருத்துவரிடம் அனுப்புவது என்று தொடங்கிய முயற்சி, மருத்துவரே தலத்துக்குச் செல்வது என்ற இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதே ஏர்வாடியின் அண்மை வரலாறு.

தர்காவும் அதன் மரபும்

ஏர்வாடியில் அடக்கமாகியிருப்பவர் சுல்தான் செய்யிது இபுராகீம் சகீது பாதுசா. 12ஆம் நூற்றாண்டில் மதீனாவிலிருந்து இஸ்லாத்தைப் பரப்ப வந்தவர் என்றும், பாண்டிய நாட்டில் நடந்த போரில் உயிர்நீத்தவர் என்றும் மரபு கூறுகிறது. சேதுபதி மன்னர்கள் தர்காவுக்கு நிலக்கொடை அளித்ததாகவும் சொல்லப்படுகிறது. துல்கஅதா மாதத்தில் நடைபெறும் சந்தனக்கூடு விழாவுக்கு இஸ்லாமியர் மட்டுமின்றி இந்துக்களும் கிறித்தவர்களும் பெருந்திரளாக வருகின்றனர். கேரளத்திலிருந்து வருவோரும் மிகுதி.

மனநோயைப் பொறுத்தவரை தர்காவில் நடப்பவை எளிமையானவை. ஓதிய தண்ணீர் கொடுப்பார்கள். அடக்கத்தலத்தில் எரியும் விளக்கின் எண்ணெயைத் தடவுவார்கள். நோயாளியும் உடன் வந்தவரும் தர்காவின் வளாகத்திலோ அருகிலுள்ள கொட்டகையிலோ தங்கி, நாள்தோறும் துஆவில் கலந்துகொள்வார்கள். எத்தனை நாள் தங்குவது என்பதற்குக் கணக்கில்லை. 'உத்தரவு' வரவேண்டும். மகான் கனவில் தோன்றி, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்வதே உத்தரவு. சிலருக்கு அது சில வாரங்களில் வந்துவிடும். சிலர் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள்.

இந்தக் காத்திருப்பை வெளியிலிருந்து பார்ப்பவர் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தச் சொல், குடும்பங்கள் ஏன் இங்கே வந்தன என்ற கேள்விக்கு விடை தராது.

குடும்பங்கள் ஏன் வந்தன

தமிழ்நாட்டில் மனநோயாளர்க்கென அமைந்த முதல் மருத்துவமனை பழமையானது. 1794இல் வாலன்டைன் கானலி என்ற கும்பினி மருத்துவர் சென்னையில் ஒரு காப்பகத்தைத் தொடங்கினார். பின்னர் அரசு கட்டிய காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்தில் செயல்படத் தொடங்கியது. அதுவே இன்றைய அரசு மனநல மருத்துவமனை. 2001இல் ஏர்வாடித் தீ நிகழ்ந்தபோதும் தமிழ்நாட்டில் மனநோய்க்கென்று தனியே அரசு நடத்திய மருத்துவமனை அது ஒன்றுதான். மதுரை முதலிய இடங்களில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் இருந்தன. என்றாலும் இராமநாதபுரத்து மீனவர் ஒருவருக்கோ சிவகங்கைச் சீமையின் கூலித் தொழிலாளி ஒருவருக்கோ அங்கெல்லாம் மாதந்தோறும் சென்று மருந்து வாங்கி வருவது எளிதாக இருந்திருக்காது. ஒரு நாள் பயணம் என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. உடன் செல்பவருக்கும் அப்படியே.

தொலைவு ஒரு காரணம். பெயர் இன்னொரு காரணம். தமிழில் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயர் வசவாகவே மாறிவிட்டது. ஒரு வீட்டிலிருந்து ஒருவர் கீழ்ப்பாக்கம் போய் வந்தார் என்று தெரிந்தால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது கடினமாகும். ஏர்வாடியும் காலப்போக்கில் கேலிச் சொல்லாயிற்று என்பது உண்மையே. ஆயினும் "தர்காவுக்கு ஒரு நேர்ச்சை, போய்த் தங்கிவிட்டு வருகிறோம்" என்று அண்டை வீட்டாரிடம் தலைநிமிர்ந்து சொல்ல முடிந்தது. மருத்துவமனைக்குப் போவதை அப்படிச் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது காரணம் நோய்க்குத் தரப்பட்ட விளக்கம். பேய் பிடித்தது, செய்வினை, ஏவல், ஜின் என்று எந்தப் பெயரால் அழைத்தாலும், கேடு வெளியிலிருந்து வந்தது என்பதே அதன் உட்பொருள். பையன் நல்லவன்தான், அவனைப் பிடித்தது கெட்டது. பிடித்தது ஒருநாள் விட்டுவிடும். தன் மகன் திடீரெனப் பேச்சு மாறி, ஊண் உறக்கமின்றிச் சுவரோடு பேசுவதைக் காணும் தாய்க்கு, மூளையில் ஏற்பட்ட மாற்றம் என்ற விளக்கத்தைவிட இது ஆறுதலாக இருந்தது. மருந்தியல் நோக்கில் இது தவறான விளக்கம். ஆனால் நோயாளியைக் குற்றவாளியாக்காத விளக்கம் என்பதை மறுக்க முடியாது.

நான்காவது காரணம் மருத்துவ வரலாற்றில் பெரிதும் கவனிக்கத்தக்கது. தர்காவில் குடும்பம் நோயாளியுடனேயே தங்கியது. ஆங்கிலேயர் கொண்டுவந்த காப்பக முறையில் குடும்பத்துக்கு வாயிற்கதவு வரைதான் அனுமதி. நோயாளியை ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். திரும்பியவர்களில் பலர் மறுபடி வரவேயில்லை. இந்த முறையை முதலில் உடைத்தவர்களும் இந்திய மருத்துவர்களே. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர் வித்யா சாகர், இடநெருக்கடியைச் சமாளிக்க வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து, நோயாளிகளைக் குடும்பத்தாருடன் அவற்றில் தங்கவைத்தார். குடும்பம் உடனிருந்தவர்கள் விரைவில் தேறி வீடு திரும்பினர். அதே பத்தாண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும், நோயாளியுடன் உறவினர் ஒருவர் தங்கியிருந்து பராமரிக்கும் முறையைக் கைக்கொண்டது. மருத்துவமனைகள் அப்போது கண்டறிந்த முறையைத் தர்காவும் கோயிலும் முன்பிருந்தே கடைப்பிடித்து வந்தன.

கிடைக்காமற்போனது

கிடைத்தவற்றைச் சொல்லும்போது கிடைக்காததையும் சொல்லியாக வேண்டும். 1952இல் பாரிசில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து மனச்சிதைவு நோய்க்குப் பயன்படத் தொடங்கியது. காப்பகங்களில், சில வாரங்களிலேயே நோயாளிகள் அமைதியடைந்து பேசத் தொடங்கினர். அதற்குப் பின் வந்த மருந்துகள் இன்னும் மேம்பட்டவை. மனச்சிதைவு தொடங்கி மருந்து தொடங்குவதற்குள் கழியும் காலம் நீள நீள, குணமடையும் வாய்ப்பு குறைகிறது என்பது இன்று உறுதியாகத் தெரிந்த உண்மை. ஆகவே உத்தரவுக்காகக் காத்திருந்த ஓராண்டும் ஈராண்டும் வெறும் காத்திருப்பாக மட்டும் கழியவில்லை. பத்தொன்பது வயதில் நோய்கண்ட இளைஞனுக்கு அவை படிப்பும் வேலையும் மணவாழ்வும் கைநழுவிய ஆண்டுகள்.

வலிப்பு நோயாளிகளும் மனவளர்ச்சி குன்றியவர்களும் கடும் மனச்சோர்வு கண்ட பெண்களும் எல்லாரும் ஒரே பெயரில் ஒரே கொட்டகையில் இருந்தனர். குழந்தை பிறந்த சில வாரங்களில் மனம் பேதலித்த தாயை முறையான மருத்துவத்தால் பெரும்பாலும் சில மாதங்களில் மீட்டுவிடலாம். வலிப்புக்கு விலை குறைந்த மாத்திரை உண்டு. எந்த நோய் என்று பிரித்தறிய அங்கே யாரும் இல்லை.

சங்கிலி எங்கிருந்து வந்தது என்பதையும் நோக்க வேண்டும். தாயும் தந்தையும் மட்டும் உடன் வந்த இடத்தில், இரவில் மகன் எழுந்து கடலுக்கோ சாலைக்கோ போய்விடுவானோ என்ற அச்சம் இருந்தது. காவலிருக்க வேறு ஆளில்லை. காலில் சங்கிலி பூட்டி, மறுமுனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு உறங்கிய தாய்களும் உண்டு. அது துயரம், அதில் வஞ்சகம் இல்லை. ஆனால் அதே சங்கிலி, பிடித்துக்கொள்ளக் குடும்பத்தார் யாரும் இல்லாத இடத்துக்குச் சென்றபோது வேறொன்றாக மாறியது.

விடுதிகள்

எல்லாக் குடும்பங்களாலும் மாதக் கணக்கில் ஏர்வாடியில் தங்க இயலவில்லை. வயலும் கடையும் பள்ளிக்குச் செல்லும் மற்றப் பிள்ளைகளும் ஊரில் இருந்தனர். இந்தத் தேவையைக் கண்டு தர்காவைச் சுற்றித் தனியார் விடுதிகள் முளைத்தன. மாதப் பணம் கட்டினால் நோயாளியை வைத்துக்கொள்வார்கள். காலையும் மாலையும் தர்காவுக்கு அழைத்துச் செல்வார்கள் என்பது ஏற்பாடு. பல விடுதிகள் ஓலைக் கொட்டகைகளே. நடத்தியவர்களுக்கு மருத்துவப் பயிற்சி கிடையாது. பலரையும் குறைந்த ஆட்களைக் கொண்டு காவல் காக்கச் சங்கிலியே வழியாயிற்று. சில குடும்பங்கள் பணம் அனுப்புவதை நிறுத்தின. சில, முகவரியையே மாற்றிக்கொண்டன.

தர்கா வேறு, விடுதிகள் வேறு. தீ விபத்துக்குப் பின் வந்த செய்திகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துபோனது. விடுதிகளைத் தர்கா நடத்தவில்லை. ஆனால் தர்காவின் பெயரை நம்பித்தான் குடும்பங்கள் அங்கே பிள்ளைகளை விட்டுச் சென்றன என்பதும் மெய்.

சட்டம் அப்போதே இருந்தது. 1912ஆம் ஆண்டின் பழைய இந்தியப் பைத்தியச் சட்டத்தை நீக்கி 1987இல் மனநலச் சட்டம் இயற்றப்பட்டது. 1993இல் அது நடைமுறைக்கு வந்தது. மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் எந்தத் தனியார் நிலையமும் உரிமம் பெற வேண்டும் என்பது அதன் விதி. ஏர்வாடி விடுதிகள் உரிமமின்றி, எல்லாரும் அறிய, பகல் வெளிச்சத்தில் இயங்கின.

2001 ஆகஸ்டு 6

உலக சுகாதார நிறுவனம் 2001ஆம் ஆண்டின் உலக சுகாதார நாளை மனநலத்துக்கென ஒதுக்கியிருந்தது. மனநோயாளரை ஒதுக்கிவைக்காதீர் என்பதே அவ்வாண்டின் அறைகூவல். ஏப்ரல் 7 அன்று கூட்டங்களும் ஊர்வலங்களும் உலகெங்கும் நடந்தன. நான்கு மாதம் கழித்து ஏர்வாடியில் ஒரு விடுதியின் ஓலைக் கொட்டகை அதிகாலையில் தீப்பற்றியது. சங்கிலியை அவிழ்க்க யாரும் இல்லாததால் உள்ளே இருந்தவர்களால் வெளியேற முடியவில்லை. 25 பேர் உடனே இறந்தனர். தீக்காயமுற்றவர்களில் மூவர் பின்னர் இறந்தனர். உடல்களில் பல அடையாளம் காண இயலாதவாறு கருகியிருந்தன.

ஒரு வாரத்துக்குள் அரசு அத்தகைய விடுதிகள் அனைத்தையும் மூடியது. அவற்றிலிருந்த 500க்கும் மேற்பட்டோரை அரசு தன் பொறுப்பில் ஏற்றது. ஒரு பகுதியினர் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சிலரை உறவினர் வந்து அழைத்துச் சென்றனர். விசாரணைக்கு நீதிபதி ராமதாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைக்கப்பட்டது. விடுதியை நடத்தியவர்களுக்கு 2007இல் நீதிமன்றம் ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

உச்ச நீதிமன்றத்தின் ஆணை

செய்தி வெளியானதும் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டுக் காப்பகத் தீயில் சங்கிலியிடப்பட்ட 25 பேர் இறந்தது தொடர்பான வழக்கு என்றே அது சட்ட நூல்களில் குறிக்கப்படுகிறது. உயிரிழந்தோர் 28 ஆன பின்னும் வழக்கின் பெயரில் 25 என்ற எண்ணே நிலைத்துவிட்டது. 2002 பிப்ரவரியில் பிறப்பிக்கப்பட்ட ஆணை நாடு முழுமைக்கும் பொருந்துவது. ஒவ்வொரு மாநிலத்திலும் அரசு நடத்தும் மனநல மருத்துவமனை குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும். உரிமம் பெற்ற, பெறாத எல்லாக் காப்பகங்களையும் கணக்கெடுக்க வேண்டும். மனநோயாளியைச் சங்கிலியிடுவது சட்டவிரோதம் என்று மக்களுக்கு, குறிப்பாகக் கிராமங்களில், எடுத்துரைக்க வேண்டும் என்பன அதன் முக்கியக் கூறுகள். மனநோயாளிகளை மருத்துவர்களிடமே அனுப்ப வேண்டும், கோயில்களுக்கோ தர்காக்களுக்கோ அன்று என்பதையும் மக்களுக்குக் கற்பிக்குமாறு ஆணை கூறியது.

28 உயிர்கள் போன பின்னணியில் இப்படிக் கூறியதில் வியப்பில்லை. எனினும் இதைக் கிராமத்தில் எடுத்துரைக்கப் போகிறவரிடம், எந்த மருத்துவரிடம் என்று யாரேனும் கேட்டால் அவர் என்ன விடை சொல்வார்? தேசிய மனநலத் திட்டம் 1982இலேயே தொடங்கியது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தமிழ்நாடு உட்பட நான்கு மாநிலங்களில் மாநிலத்துக்கு ஒரு மாவட்டம் என்ற அளவில்தான் தொடங்கியிருந்தது. பல மாவட்டங்களில் அரசு மனநல மருத்துவர் ஒருவர்கூட இல்லை. போகாதே என்று காட்டிய கை ஒன்று இருந்தது. போ என்று காட்ட வேண்டிய இடத்தில் கட்டடம் எழுந்திருக்கவில்லை.

மக்கள் தொடர்ந்து ஏர்வாடிக்கு வந்தனர்.

முத்துசாமி கோயில் ஆய்வு

உச்ச நீதிமன்ற ஆணை வந்த அதே 2002ஆம் ஆண்டில், பெங்களூர் தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனத்தின் மருத்துவர் ரகுராமும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்த ஓர் ஆய்வு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளிவந்தது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் ஊரில் முத்துசாமி என்ற அடியாரின் சமாதிமேல் எழுந்த கோயில் உண்டு. மனநோயாளர் வந்து தங்குமிடம் அது. ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் மூன்று மாதக் காலத்தில் அங்கு வந்த 31 பேரை, வந்தபோதும் திரும்பியபோதும், மருத்துவமனைகளில் பயன்படும் அதே அளவுகோலால் மதிப்பிட்டனர். அவர்களில் 23 பேருக்கு மனச்சிதைவு நோய் இருந்தது. சராசரியாக ஆறு வாரம் தங்கினர். மருந்து எதுவும் தரப்படவில்லை. சடங்கு என்று பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் வழிபாடு, பிறகு கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகள். உடன் ஓர் உறவினர் இருந்தார். தங்குவதற்குக் கட்டணமில்லை. திரும்பும்போது நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது.

இந்த ஆய்வை இரு தரப்பாரும் மிகையாகப் பயன்படுத்தினர். கோயிலே மருத்துவம் என்பதற்குச் சான்று இது என்றனர் சிலர். 31 பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது என்றனர் சிலர். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை என்பது ஆய்வின் குறையே. ஆனால் ஆய்வாளர்களே கூறிய முடிவு அடக்கமானது: ஆதரவான, அச்சுறுத்தாத சூழலில் தங்கியதே மாற்றத்துக்குக் காரணமாக இருக்கலாம். சங்கிலியிடப்பட்ட கொட்டகையில் அச்சூழல் இல்லை என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

திருச்சிக்கு மேற்கே காவிரிக்கரையில் உள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலும் இவ்வகையில் பெயர்பெற்றது. மனநோயாளர் அங்கே 48 நாள், அதாவது ஒரு மண்டலம், தங்கி வழிபடுவர். தீர்த்தத்தை முகத்தில் தெளிப்பர். ஏர்வாடியின் எல்லையற்ற காத்திருப்போடு ஒப்பிட்டால், 48 நாள் என்ற வரையறையே ஒரு பாதுகாப்பு. கோயிலையொட்டி உரிமம் பெற்ற மறுவாழ்வு மையமும் மனநல மருத்துவரின் வருகையும் அமைந்ததால், குணசீலம் மற்றத் தலங்களுக்கு முன்னே ஒரு நடுவழியைக் கண்டது. தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டி அந்தோணியார் திருத்தலத்திலும், குமரி மாவட்டத்து இராஜாவூர் மிக்கேல் அதிதூதர் ஆலயத்திலும் இதே நோக்கத்தோடு வந்து தங்குவோரைக் காணலாம். மதம் மாறினாலும் வருகிறவர்களின் கதை மாறுவதில்லை. ஒரே குடும்பம் மூன்று மதத் தலங்களிலும் மாறி மாறித் தங்கியதும் உண்டு.

மருந்தும் துஆவும்

விடை குஜராத்திலிருந்து வந்தது. மெகசானா மாவட்டத்தில் உனாவா என்ற ஊரில் மீரா தாதார் தர்கா உள்ளது. ஏர்வாடியைப் போலவே அதுவும் மனநோயாளர் திரளும் இடம். 2008 அளவில் ஒரு தன்னார்வ அமைப்பும் மாநில அரசும் சேர்ந்து, தர்காவின் வளாகத்திலேயே ஒரு மனநல மருத்துவப் பிரிவைத் தொடங்கின. திட்டத்துக்கு வைத்த பெயர் 'தவா-துஆ'. தவா என்றால் மருந்து. துஆ என்றால் இறைவேண்டல்.

முதலில் தர்காவின் முஜாவர்கள் தயங்கினர். மருத்துவர்கள் வந்தால் தம் மதிப்பும் வருவாயும் போகும் என்ற அச்சம் இயல்பானது. தம்மைப் போலிகள் என்று சொல்லத்தான் வருகிறார்களோ என்ற ஐயமும் இருந்தது. மருத்துவக் குழு அவர்களோடு வாதிடவில்லை. எந்த அறிகுறி தென்பட்டால் உடனே அனுப்ப வேண்டும் என்று மட்டும் அவர்களுக்குப் பயிற்சி தந்தது. நோயாளி முதலில் முஜாவரிடம் செல்வார். அவர் ஓதி முடித்து, அடுத்த அறைக்குப் போய் மருந்தும் வாங்கிக்கொள் என்பார். மருத்துவர் சொன்னால் தட்டிக்கழிக்கும் குடும்பம், முஜாவர் சொன்னால் கேட்டது. மாத்திரை உட்கொள்வது வழிபாட்டுக்கு முரணானதன்று என்ற ஒப்புதல், அதைச் சொல்ல உரிமையுள்ளவர் வாயிலிருந்து வந்ததே இத்திட்டத்தின் உயிர்நாடி.

இஸ்லாமிய மரபில் இதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. ஒவ்வொரு நோய்க்கும் மருந்தும் படைக்கப்பட்டுள்ளது என்ற கருத்து நபிமொழிகளில் இடம்பெறுகிறது. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்சூரி மருத்துவமனையில் மனநோயாளர்க்கெனத் தனிப்பகுதி இருந்தது. கிறித்தவ உலகிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. இங்கிலாந்தின் யார்க் நகரக் காப்பகத்தில் 1790இல் தம் சபையைச் சேர்ந்த ஒரு பெண் இறந்ததைக் கண்டு வருந்திய குவேக்கர் சபையினர், வில்லியம் டியூக் என்ற தேயிலை வணிகரின் முயற்சியால் 1796இல் தாமே ஓர் இல்லம் தொடங்கினர். அங்கே சங்கிலி இல்லை. தோட்டவேலையும் தேநீர் விருந்தும் இருந்தன. யார்க்கில் ஒரு சாவு, ஏர்வாடியில் 28 சாவுகள். சமயச் சமூகம் ஒன்று தன் பொறுப்பை உணர ஆன விலை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.

குஜராத்தின் அனுபவத்தைப் பின்பற்றி, அடுத்த பத்தாண்டில் தமிழ்நாடு அரசு ஏர்வாடியிலும் இத்திட்டத்தைக் கொண்டுவந்தது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் தர்காவுக்கே வந்து நோயாளிகளைப் பார்க்கிறார். மருந்து இலவசமாகத் தரப்படுகிறது. உத்தரவுக்குக் காத்திருப்போர் காத்திருக்கலாம். காத்திருக்கும்போதே மாத்திரையும் உட்கொள்ளலாம். மருந்தால் உறக்கம் திரும்பிய நோயாளிக்குக் கனவும் திரும்புகிறது. அதில் மகான் வந்து வீட்டுக்குப் போகச் சொன்னால் மருத்துவருக்கு அதில் மறுப்பு ஏது?

2017 சட்டமும் அதன் பின்னும்

2017இல் இயற்றப்பட்டு 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசின் செலவில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியது. அதன் 95ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடை செய்கிறது. ஏர்வாடித் தீயின் நேரடி நிழல் அந்தப் பிரிவில் படிந்திருக்கிறது எனலாம். அவ்வாறிருந்தும் 2019 சனவரியில், உத்தரப் பிரதேசத்தின் பதாயூன் மாவட்டத்தில் ஒரு வழிபாட்டிடத்தில் மனநோயாளர் சங்கிலியிடப்பட்டிருந்தது உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. இது மனிதத் தன்மையற்றது என்று நீதிமன்றம் மீண்டும் கூற வேண்டியிருந்தது.

தேசிய மனநல ஆய்வு 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்தப்பட்டது. வெவ்வேறு மனநோய்களில், சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்கள் 70 முதல் 92 விழுக்காடு வரை இருப்பதாக அது கண்டது. இந்தத் தொகையினர் எல்லாரும் வீட்டில் சும்மா இருக்கவில்லை. அவர்களில் பலர் எங்கே போகிறார்கள் என்பதற்கு ஏர்வாடியும் குணசீலமும் புளியம்பட்டியும் விடை சொல்லும்.

தவா-துஆ முறையிலும் இடர்கள் உண்டு. தர்காவில் தொடங்கிய மருந்தை ஊர் திரும்பிய பின் எங்கே வாங்குவது என்று தெரியாமல் பலர் நிறுத்திவிடுகின்றனர். ஏர்வாடிக்கு வருவோரில் ஒரு பகுதியினர் வேறு மாவட்டத்தினர், வேறு மாநிலத்தினர். அவர்களின் ஊர் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதித் தொடர்பு ஏற்படுத்தும் வேலை மருந்து கொடுப்பதைவிடக் கடினம். மனச்சிதைவுக்கு மருந்தைப் பல ஆண்டுகள், சிலருக்கு வாழ்நாள் முழுவதும், எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். உத்தரவு வந்துவிட்டது, நோய் போய்விட்டது என்று நம்பும் குடும்பத்துக்கு இதைப் புரியவைக்க ஒருமுறைப் பேச்சு போதாது. முஜாவரோ குருக்களோ பங்குத்தந்தையோ அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு பிரிவினரும் இருக்கின்றனர். 2001இல் விடுதிகள் மூடப்பட்டபோது உறவினர் யாரும் வராதவர்கள் போன்றோர் இன்றும் உண்டு. குணமடைந்த பின்னும் அழைத்துச் செல்ல ஆளின்றி மனநல மருத்துவமனைகளில் முடங்கியிருப்போர் பற்றிய வழக்கில், அவர்களுக்கென இடைநிலை இல்லங்கள் அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2017இல் மாநிலங்களுக்குக் கூறியது. மனநோயாளர் மறுவாழ்வுக்கென 1984இல் சென்னையில் 'ஸ்கார்ப்' என்னும் மனச்சிதைவு ஆய்வு அறக்கட்டளையை நிறுவிய மருத்துவர் சாரதா மேனனும் மருந்தோடு வேலையும் தங்குமிடமும் வேண்டும் என்பதைத்தான் வலியுறுத்தி வந்தார். கீழ்ப்பாக்கத்தில் பல ஆண்டுகள் கண்காணிப்பாளராக இருந்து, மகனையோ மனைவியையோ ஒப்படைத்துவிட்டுத் திரும்பிய குடும்பங்களை நேரில் கண்டவர் அவர்.

ஏர்வாடியில் இப்போதும் மாலையில் விளக்கேற்றும் நேரத்தில் நோயாளிகள் கூடுகின்றனர். துஆ முடிந்ததும் உடனிருப்பவர் மாத்திரை உறையைப் பிரித்துக் கொடுக்கிறார். சிலர் அதை ஓதிய தண்ணீரிலேயே விழுங்குகின்றனர்.